மெஸ் பில்லிலிருந்து தொடங்குங்கள்: அமெரிக்காவில் கல்லூரி சாப்டர் அமைத்து உதவித்தொகை திரட்டும் வழி

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் அமெரிக்காவில் சாப்டர் (முன்னாள் மாணவர் சங்கக் கிளை) தொடங்கினால் முதலில் வாட்ஸ்அப் குழு வரும், அடுத்து பிக்னிக், அதற்கடுத்து லோகோவும் டி-ஷர்ட்டும். உதவித்தொகைப் பேச்சு கடைசியில்தான் எழும். கையில் சேர்ந்த தொகையைப் பார்த்து, "இந்த வருஷம் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று முடிவெடுப்பார்கள். மூன்றாம் வருடம் பணம் போதாமல் நிற்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு மாணவருக்கு நான்கு வருடம் என்ன தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள். சாப்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கு சொல்லும்.

எதற்குக் கொடுப்பது?

கல்விக் கட்டணத்துக்கு என்று திரட்டுவதற்கு முன், அரசு எதையெல்லாம் ஏற்கிறது என்று பாருங்கள். கலந்தாய்வில் இடம் பெற்ற முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் பொருந்துகிறது. அதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதே கட்டணத்துக்கு நீங்களும் பணம் கொடுத்தால் பிள்ளைக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, விடுதி மெஸ் பில். பல விடுதிகளில் இன்னும் டிவைடிங் சிஸ்டம்தான்: மாதச் செலவை மாணவர் எண்ணிக்கையாலும் சாப்பிட்ட நாட்களாலும் வகுத்துப் பில் போடுவார்கள். தொகை மாதா மாதம் மாறும், அரசுத் தொகை தாமதமாகும் மாதத்திலும் பில் நிற்காது. அடுத்தது தேர்வுக் கட்டணம், லேப்டாப், நான்காம் வருட நேர்காணல் பயணம். இன்னொரு வகையினரும் உண்டு. சிறு தனியார் பள்ளியில் படித்து வந்ததால் எந்த ஒதுக்கீட்டிலும் சேராத ஏழைப் பிள்ளைகள், இரண்டாம் வருடத்தில் அப்பாவை இழந்தவர்கள். அரசுத் திட்டத்தின் படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் இல்லை. சாப்டரின் பணம் முதலில் இவர்களைத் தேடிப் போக வேண்டும். விடுதி அலுவலகத்தில் கடந்த 12 மாத மெஸ் பில்களின் விவரத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் தொகையை நிர்ணயிக்க வேண்டும்.

ஆளுக்கு வருடம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பத்துப் புது மாணவர்கள். முதல் வருடம் 4 லட்சம், இரண்டாம் வருடம் 8, மூன்றாம் வருடம் 12, நான்காம் வருடம் 16 லட்சம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் 16 லட்சம்தான். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டால், முதல் வருடத் தேவை சுமார் 4,700 டாலர். நான்காம் வருடத் தேவை 18,800 டாலர். ஒரே இரவு விருந்தில் 5,000 டாலர் வந்ததும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலான சாப்டர்கள் செய்யும் தவறு. மாதம் 25 டாலர் தானாகக் கழியும்படி 65 பேர் கையெழுத்திட்டால் வருடத்துக்கு 19,500 டாலர்; கார்டுக் கட்டணம் 3 சதவீதம் போனாலும் கணக்கு நிற்கும். 65 பேர் சேரும்வரை பத்து மாணவர் வேண்டாம், மூன்று பேர் போதும். புதியவர்களை எடுக்குமுன் ஏற்கெனவே எடுத்தவர்களின் அடுத்த இரண்டு வருடப் பணம் வங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்கும் உதவித்தொகை, கிடைக்காமலே போனதைவிட மோசம். அந்தக் குடும்பம் அதை நம்பிக் கடன் வாங்காமல் இருந்திருக்கும்.

பதிவு

ஈ.ஐ.என். எண் (அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அமைப்புக்குத் தரும் அடையாள எண்), வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான 501 சி 3 வரிவிலக்கு ஆகிய மூன்றும் இல்லாமல் யாருடைய தனிக் கணக்கிலும் நன்கொடை வாங்காதீர்கள். முதல் வருடம் 20, 30 பேர்தான் என்றால் தனி அமைப்பு வேண்டாம். ஏற்கெனவே 501 சி 3 உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் குடையின் கீழ் தனி நிதியாக இயங்கலாம். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். கணக்கு, ரசீது, வரித் தாக்கல் தலைவலி அவர்களுடையது.

சொந்தமாகப் பதிவு செய்வதென்றால் முதலில் உங்கள் மாநிலத்தில் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிந்துகொள்ளுங்கள். வருட வரவு 50,000 டாலருக்குள், சொத்து 2,50,000 டாலருக்குள் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஐ.ஆர்.எஸ்ஸின் சுருக்கமான 1023-ஈ.இசட் படிவமே போதும். கட்டணம் 275 டாலர். வருட வரவு வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத அமைப்பு வருடாந்திரத் தாக்கலுக்கு 990-என் என்ற மின் அட்டையை நிரப்பினால் போதும். காலண்டர் வருடக் கணக்கு என்றால் கடைசி நாள் மே 15. பத்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பொருளாளர் மாறும்போதுதான் இது நடக்கிறது. பழையவரின் மின்னஞ்சலுக்கு வந்த நினைவூட்டலைப் புதியவர் பார்ப்பதில்லை. அமைப்புக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்து, கடவுச்சொல் எப்போதும் இருவரிடம் இருக்கட்டும்.

மாநிலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. கலிபோர்னியாவில் முதல் நன்கொடை வந்த 30 நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரலின் தொண்டு நிறுவனப் பதிவேட்டில் சி.டி-1 படிவம் கொடுக்க வேண்டும். பிறகு வருடம்தோறும் அதைப் புதுப்பிக்க ஆர்.ஆர்.எஃப்-1 படிவம். ஐ.ஆர்.எஸ். ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

பணம் ஊருக்குப் போகும் பாதை

அமெரிக்க அமைப்பு அனுப்பும் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்கும் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பின், புதுடெல்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் பணம் வர வேண்டும். அங்கிருந்து அவர்களின் உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய அறக்கட்டளை அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்காமல் விட்டவர்களும் ரத்தானவர்களும் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பட்டியலாக இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பணம் அனுப்புமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். "போன வருஷம் சரியாக இருந்ததே" என்று அனுப்பிய தொகை வங்கியில் மாட்டிக்கொள்ளும்.

சட்டப்படி அமைந்த அரசுப் பல்கலைக்கழகங்களில், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) தணிக்கைக்குக் கட்டாயம் உட்பட்டவற்றுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. விலக்கு உண்டு. உங்கள் கல்லூரி அந்த வகையா என்று பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கிரீன் கார்டு வைத்திருந்தாலும் சரி. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டதால் அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஒரே பேட்ச் நண்பர்கள் இருவருக்கு இரண்டு விதி. நேரடியாக இந்திய அறக்கட்டளைக்கு அனுப்பினால் அமெரிக்க வரிக்கழிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஐ.ஆர்.எஸ். எதிர்பார்ப்பது இன்னொன்று. அமெரிக்க அமைப்பு வெறும் குழாயாக இருக்கக் கூடாது, பணம் எங்கே போகிறது என்ற முடிவும் கட்டுப்பாடும் அதன் குழுவிடமே இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் குழுத் தீர்மானம், ஊர் அறக்கட்டளையோடு எழுத்து ஒப்பந்தம், ஆறு மாதத்துக்கு ஒரு செலவு விவரம் ஆகிய மூன்றும் கோப்பில் இருக்கட்டும். "என் சித்தப்பா பையனுக்குப் போகட்டும்" என்று பெயர் குறித்துத் தரும் பணத்துக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்காதீர்கள்.

ஆட்களைத் தேடுவது

லிங்க்ட்இனில் கல்லூரியின் ஒரே பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். திருச்சி ஆர்.இ.சி. 2003இல் என்.ஐ.டி. ஆனது, முந்தைய பேட்ச்கள் இன்னும் ஆர்.இ.சி. என்றே போட்டிருப்பார்கள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) படித்தவர்களின் பட்டச் சான்றிதழில் காலத்துக்கு ஏற்பச் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், அண்ணா என்று வெவ்வேறு பெயர்கள் இருக்கும். எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். பட்டியலில் பேட்ச், துறை, ஊர், வேலை செய்யும் நிறுவனம், அது ஊழியரின் நன்கொடைக்கு இணைத்தொகை (தன் பங்காகச் சேர்த்துத் தரும் தொகை) தருகிறதா என்ற பத்திகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு பொறுப்பாளர் கிடைத்தால் அரை வேலை முடிந்தது. தலைவர் அனுப்பும் பொது மடலை எவரும் படிப்பதில்லை, விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவன் போன் செய்தால் எடுக்காதவர் இல்லை.

சந்திப்புக்குத் தேதி குறிக்கும்போது ஜூன், ஜூலையை விடுங்கள். குழந்தைகளின் விடுமுறைக்குப் பலர் ஊருக்குப் போயிருப்பார்கள். நவராத்திரி, தீபாவளி வார இறுதிகளும் உள்ளூர்த் தமிழ்ச் சங்க விழா நாட்களும் வேண்டாம். பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். பள்ளி அரங்கு, சமூகக் கூடம் எடுத்தால் பெரும்பாலும் 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். ஒருநாள் பாலிசியை மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். இலவசம் என்றால் வருகிறேன் என்றவர்களில் கணிசமானோர் வரமாட்டார்கள். 10 டாலர் முன்பணம் வைத்தால் சாப்பாட்டுக் கணக்கு ஒழுங்காகும்.

வேலை உதவி

கொடுப்பவர்களை நிலைக்க வைப்பது விருந்து அல்ல. கஷ்டகாலத்தில் சாப்டர் நமக்கு நின்றது என்ற அனுபவம்தான். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். படிப்பு முடித்து ஓ.பி.டி.யில் (மாணவர் விசாவில் தரும் தற்காலிக வேலை அனுமதி) இருப்பவர் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். இதில் ஒரு வாரம் தயங்கினாலே பெரிய இழப்பு. 400 பேர் குழுவில் "யாராவது ரெஃபர் பண்ணுங்களேன்" என்ற செய்தி பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே மூழ்கிவிடும். மூன்று பேர் கொண்ட தனிக் குழு வையுங்கள். கேட்பவர் ஒரே செய்தியில் கடைசி வேலை நாள், விசா வகை, தேடும் பணி, மூன்று வரி அறிமுகம், ரெஸ்யூமே, விண்ணப்பிக்க விரும்பும் பணிகளின் எண்கள் எல்லாவற்றையும் தரட்டும். குழு அதை அந்தந்த நிறுவனத்தில் இருப்பவருக்குத் தனியாக அனுப்பும். விசா விவரம் பொதுக் குழுவில் போகக் கூடாது. வேலை இழந்தவரின் மாத நன்கொடையை அவர் கேட்கும் முன்பே நிறுத்தி வையுங்கள்.

திரட்டுவது

விருந்துச் சீட்டு 100 டாலர், சாப்பாட்டின் மதிப்பு 40 டாலர் என்றால் வரிக்கழிவுக்குத் தகுந்தது 60 டாலர் மட்டுமே. 75 டாலருக்கு மேல் வாங்கிப் பதிலுக்கு ஏதாவது தந்தால் இதை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். 250 டாலரும் அதற்கு மேலும் தருபவருக்கு, பதிலுக்கு என்ன தரப்பட்டது அல்லது ஒன்றும் தரப்படவில்லை என்ற வாசகத்தோடு ரசீது வேண்டும். டோனர் அட்வைஸ்டு ஃபண்டிலிருந்து (நன்கொடைக்கென்றே முன்கூட்டி வரிக்கழிவோடு போட்டு வைக்கும் கணக்கு) விருந்துச் சீட்டு வாங்க விடாதீர்கள். அந்தப் பணத்துக்குப் பதிலாக எதுவும் பெறக் கூடாது.

நிறுவனங்களின் இணைத்தொகையைக் கேட்டு வாங்கினால் அதே 25 டாலர் பல இடங்களில் 50 ஆகும். நன்கொடையாளரே தன் நிறுவனத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பலர் மறந்துவிடுவார்கள். ஈ.ஐ.என். எண்ணோடு படிப்படியான படவிளக்கத்தை ரசீதோடு அனுப்புங்கள். அந்தப் பணம் வர மாதக்கணக்கு ஆகும். நடப்பு வருட வரவில் சேர்க்காதீர்கள். தேங்க்ஸ்கிவிங் அடுத்த செவ்வாயிலிருந்து டிசம்பர் 31 வரை வருடத்தின் முக்கிய வசூல் காலம். டிசம்பரில் கார்டில் கட்டியது, பில்லை ஜனவரியில் அடைத்தாலும், அந்த வருடக் கணக்கில்தான் வரும். கடைசி வாரத்தில் இதைச் சொல்லி ஒரு மடல் அனுப்புங்கள்.

ஒரே பெரியவர் மொத்தப் பணத்தையும் தருகிறேன் என்று முன்வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் கவனம் தேவை. பொதுத் தொண்டு நிறுவனம் என்ற தகுதி நிலைக்க, வழக்கமாக ஐந்து வருட வரவில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்களிடமிருந்து வர வேண்டும். ஒருவரின் நன்கொடையில் மொத்த வரவின் 2 சதவீதம் வரைதான் அந்தக் கணக்கில் சேரும். சிறிய மாத நன்கொடையாளர்கள் அதற்கும் வேண்டும்.

தேர்வும் பட்டுவாடாவும்

தேர்வுக் குழுவில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், விடுதிக் காப்பாளர், ஊரில் வாழும் முன்னாள் மாணவர் இருவர் இருக்கட்டும். வருமானச் சான்றிதழை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர உள்ளூரில் ஆள் வேண்டும். மெஸ் பில் பங்கு நேராக விடுதிக் கணக்குக்கும், மீதி மாணவர் பெயரிலுள்ள கணக்குக்கும் போகட்டும். மேடையில் பெரிய காசோலை அட்டையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அந்தப் படம் அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும்.

ஒவ்வொரு செமஸ்டரும் மதிப்பெண் பார்த்துப் புதுப்பிக்கலாம், ஆனால் ஒரு அரியர் விழுந்ததும் நிறுத்தும் விதி வேண்டாம். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழுவது சாதாரணம். இரண்டு செமஸ்டர் அவகாசம் கொடுங்கள். அந்தப் பாடத்தைப் போனில் சொல்லித்தர ஒரு மூத்த மாணவரைப் பட்டியலிலிருந்து பிடித்துக் கொடுங்கள். அப்போதும் தேறாவிட்டால் மட்டும் காப்பாளரிடம் பேசி, வேலைக்குப் போகிறாரா, வீட்டில் பிரச்சினையா என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.