வெப்பத்தை வண்ணக் கட்டங்களாக பிரவுசரில் ஓட விடுவது எப்படி

ஏஎம்ஜி8833 என்று பானாசோனிக்கின் சென்சார் ஒன்று இருக்கிறது. விரல் நகம் அளவுதான், ஆனால் எதிரில் இருப்பதை 8-க்கு 8 என 64 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வெப்பநிலையையும் நொடிக்கு 10 தடவை சொல்லும். இதை இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் போர்டில் மாட்டி, வைஃபை வழியாக போன் பிரவுசரில் நேரலையாகப் பார்க்கலாம்.

முதலில் அனுப்புவது. இதற்கு வெப்சாக்கெட் (போர்டுக்கும் பிரவுசருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு) போதும். ஜேசானாக, அதாவது எழுத்து வடிவமாக, மாற்றி அனுப்பத்தான் கை போகும், வேண்டாம். சென்சார் ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பைட் வைத்திருக்கிறது, மொத்தம் 128 பைட், அதை அப்படியே பைனரியாகத் தள்ளிவிடுங்கள். பிரவுசர் பக்கம் பைனரிடைப்பை அர்ரேபஃபர் என்று வைத்து, இன்ட்16அர்ரேயாகப் படித்து 4-ஆல் வகுத்தால் டிகிரி செல்சியஸ் வந்துவிடும், ஏனென்றால் அதன் ஒரு படி கால் டிகிரி. (எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் கவனம்: அது 12 பிட் மட்டுமே, மைனஸ் குறியை 16 பிட்டுக்கு நீங்கள்தான் நீட்டிக்கொள்ள வேண்டும்.) பக்கத்தையும் இஎஸ்பி32-இலிருந்தே கொடுங்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து சாதா வெப்சாக்கெட்டைத் திறக்க பிரவுசர் விடாது.

அடுத்து வரைவது. 64 டிவ் (பக்கத்தில் வைக்கும் பெட்டிகள்) போட்டு ஒவ்வொன்றின் நிறத்தையும் மாற்றினாலும் ஓடும், ஆனால் நாளைக்கு 32-க்கு 24 சென்சார் வாங்கினால் 768 டிவ் ஆகிவிடும். பக்கத்தில் படம் வரையும் இடமான கேன்வாஸையே 8-க்கு 8 பிக்சலாக வைத்துக்கொள்ளுங்கள், சிஎஸ்எஸ்ஸில் 480 பிக்சலுக்கு இழுத்து, இமேஜ்-ரெண்டரிங்கை பிக்சலேட்டட் என்று கொடுத்தால் கட்டங்கள் கூர்மையாக நிற்கும். புட்இமேஜ்டேட்டா ஒரே அழைப்பில் முழுதையும் வரைந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலத்தோடு நாலாவது பைட்டான ஆல்ஃபாவுக்கு 255 போட மறந்தால் திரையில் ஒன்றுமே தெரியாது, கோட் முழுக்கத் தேடினாலும் தப்பு கண்ணில் படாது.

நிறம்தான் இதில் எனக்கு ரொம்ப முக்கியம். ஒவ்வொரு ஃபிரேமிலும் (சென்சார் ஒரு தடவை தரும் 64 எண்களில்) குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் கண்டுபிடித்து அதற்கிடையில் நிறத்தைப் பரப்பினால் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் பொய் சொல்லும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆளில்லாத அறையில் சுவர் பற்றி எரிவதுபோல மஞ்சளும் சிவப்புமாகத் துடித்தது, எண்களைப் பார்த்தால் எல்லாமே 29-க்கும் 30-க்கும் நடுவில். 22 முதல் 38 வரை என்று எல்லையை நிலையாகப் பூட்டினேன், சுவர் அமைதியானது, அப்புறம் சூடான காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்ததும் நாலு கட்டம் மட்டும் உச்ச நிறத்துக்குப் போனது, டம்ளரை எடுத்தபிறகும் மேசையில் அதன் தடம் மெதுவாக மங்கிக்கொண்டே இருந்தது. வானவில் நிறங்களைத் தவிர்த்து, கருப்பில் தொடங்கி ஊதா, சிவப்பு, ஆரஞ்சு வழியாக வெளிர்மஞ்சளுக்கு ஏறும் இன்ஃபெர்னோ வரிசையை எடுங்கள். சூடு ஏற ஏற வெளிச்சமும் ஏறுவதால் நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரியும். 256 நிறங்களை முன்பே அட்டவணையாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

வாங்குவதையும் வரைவதையும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். தகவல் வந்ததும் 'கடைசி ஃபிரேம்' என்ற ஒரே மாறியில் போடுங்கள், வரைவதை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம் கோடை அழைக்கும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் பார்த்துக்கொள்ளட்டும். டேப் மறைந்திருக்கும்போது அது நின்றுவிடும், தகவல் வந்துகொண்டே இருக்கும். வரிசை கட்டி வைத்திருந்தால் திரும்பி வரும்போது பழசையெல்லாம் ஓட்டிக்காட்டும்.

சரி, கையை ஆட்டிப் பாருங்கள், இடவலம் மாறியிருந்தால் நெடுவரிசையைத் திருப்புங்கள். கடைசியாக ஒன்று, இதை விட்டுவிடாதீர்கள்: 2 நொடி புதுத் தகவல் வரவில்லை என்றால் முழுக் கட்டத்தையும் சாம்பல் நிறமாக்கிவிட்டு மறுபடி இணைய முயற்சி செய்யுங்கள். வைஃபை அறுந்த பின்னும் பழைய படம் அப்படியே நின்றால், அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்ப்பவர் அதை நம்பிவிடுவார்.