அமில மண்ணில் வேரை ஆழத்துக்கு இறக்கும் முறை

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் கனமழை நெடுங்காலமாகச் சுண்ணாம்புச்சத்தையும் (கால்சியம்) மெக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால், காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு விளையும் நிலங்கள் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையவை. அங்கே பயிர் வளராமல் நின்றால் உரத்தைக் கூட்டுவதற்கு முன், ஒரு செடியை ஓரடி ஆழ மண்ணோடு தோண்டியெடுத்துத் தண்ணீரில் மெல்ல அலசி வேரைப் பார்க்க வேண்டும். சல்லி வேர்கள் குறைந்து, நுனிகள் தடித்துப் பழுப்பேறிக் குட்டையாக இருந்தால் அலுமினிய நச்சு என ஐயுறலாம். வேரில் முடிச்சுகளோ வீக்கமோ தெரிந்தால் அது நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) அல்லது நோயின் வேலை.

மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே இறங்க இறங்க, களிமண் துகள்களில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து, வேர் நுனியின் செல்கள் நீள்வதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கிறது. அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரையாத வடிவமாக மாற்றிவிடுகின்றன. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதால், வேர் குறுகிய பயிருக்கு இது இரட்டை இழப்பு. சுண்ணாம்புச்சத்தின் இயல்பு இதைவிடக் கவனத்துக்குரியது: அது இலையிலிருந்து வேருக்கு இறங்குவதில்லை. எனவே இலைவழித் தெளிப்பு வேருக்கு உதவாது. வேர் நுனி எந்த ஆழத்தில் வளர வேண்டுமோ அந்த ஆழத்து மண்ணிலேயே அச்சத்து இருக்க வேண்டும்.

ஆகவே 0–15 செ.மீ., 15–30 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே மண் மாதிரி எடுத்து, பி.எச். அளவோடு சுண்ணாம்புத் தேவையையும் கணித்துத் தருமாறு ஆய்வகத்தில் கேளுங்கள். ஒரே பி.எச். உள்ள இரு நிலங்களில், களியும் மட்கும் மிகுந்த நிலத்துக்கு அதிகச் சுண்ணாம்பு தேவைப்படும் என்பதால் பக்கத்துத் தோட்டத்தின் அளவைப் பின்பற்றக் கூடாது. நன்கு பொடித்த சுண்ணாம்பை, மெக்னீசியமும் குறைந்திருந்தால் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட்டை, நடவுக்குச் சில வாரங்கள் முன்பே தூவி மண்ணில் கலக்க வேண்டும். அது கலந்த ஆழத்தைத் தாண்டி எளிதில் இறங்காது. அடிமண்ணிலும் சிக்கல் இருந்தால் ஜிப்சம் இடலாம், அது பி.எச். அளவை உயர்த்தாவிட்டாலும், நீரோடு கீழே சென்று சுண்ணாம்புச்சத்தைத் தருவதோடு அலுமினியத்தின் கடுமையையும் தணிக்கும். தொழுவுரத்தின் மட்கும் அலுமினியத்தைப் பிணைத்து வைக்கும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) உரமான அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து இட்டால் மண் மீண்டும் அமிலமாகும். அதைச் சுண்ணாம்போடு கலந்து இட்டாலோ தழைச்சத்து வாயுவாகிப் போய்விடும். மணிச்சத்து உரமான பாறை பாஸ்பேட் கரைவதற்கு அமிலம் தேவை என்பதால் அதையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் இடாதீர்கள். சுண்ணாம்பு அளவு மீறினால் போரான் என்னும் நுண்சத்து கிடைப்பது குறையும், அதனாலும் வேர் நுனி கெடும். பயிர்ச் சுழற்சியில் சுண்ணாம்பு இடுவதற்கு ஏற்றது, அமில மண்ணில் வேர்வீக்க நோய்க்கு ஆளாகும் முட்டைக்கோஸின் பருவமே. உருளைக்கிழங்கு நடும் முன் இட்டு பி.எச். அளவை உயர்த்தினால் கிழங்கில் சொறிநோய் பெருக வாய்ப்புண்டு.