நியூயார்க்கில் ஜாஸ் கேட்க ஓர் இரவைத் திட்டமிடுவது எப்படி?

நியூயார்க் ஜாஸ் கிளப்களுக்குச் செல்ல விரும்புவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ‘செட்’ முறையைத்தான். பெரும்பாலான கிளப்களில் ஒரே குழு ஓர் இரவில் இரண்டு முறை வாசிக்கும். ‘செட்’ எனப்படும் ஒவ்வொரு வாசிப்பும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நீடிக்கும். இரண்டுக்கும் தனித்தனியே டிக்கெட் வாங்க வேண்டும் என்பதால், முதல் செட் முடிந்ததும் அரங்கம் காலியாகி அடுத்த கூட்டம் உள்ளே வரும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், வார நாளின் இரண்டாவது செட்டுக்குச் செல்லுங்கள். கலைஞர்கள் அதற்குள் நன்றாகச் சூடுபிடித்திருப்பார்கள். இரவு உணவோடு ஒரு பொழுதுபோக்காக வந்தவர்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள்.

ஒரே ஓர் இரவுதான் கையில் இருக்கிறது என்றால், கிரெனிச் வில்லேஜ் பகுதியில், செவன்த் அவென்யூ சவுத் சாலையில் உள்ள வில்லேஜ் வேன்கார்டைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். மேக்ஸ் கார்டன் 1935-இல் தொடங்கிய இந்தக் கிளப், செங்குத்தான படிகளில் இறங்கிச் செல்லும் ஒரு சிறிய நிலவறை. ஏறத்தாழ 120 பேர்தான் அமர முடியும். தொடக்க ஆண்டுகளில் கவிதை வாசிப்பும் நகைச்சுவையும் நாட்டுப்புறப் பாடல்களும் இடம்பெற்ற மேடை, 1950-களின் பிற்பகுதியில் முழுக்க ஜாஸுக்கு உரியதாயிற்று. 1961-இல் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழுவும் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவும் இங்கே வாசித்தவை ஒலிப்பதிவு செய்யப்பட்டன. எவான்ஸ் பதிவில், மென்மையான பியானோவுக்கு இடையே கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஓசையும் ரசிகர்களின் முணுமுணுப்பும் கேட்கின்றன. போவதற்கு முன் அதைக் கேட்டுவிட்டால், அந்த அறை எவ்வளவு சிறியது என்பது காதுக்கே விளங்கிவிடும். பொதுவாக ஒரு குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை தொடர்ந்து வாசிக்கும். திங்கட்கிழமை இரவு மட்டும், 1966-இல் டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸும் தொடங்கிய பெரிய இசைக்குழுவின் வழிவந்த வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு உரியது. பதினைந்துக்கும் மேற்பட்ட கருவிகள் அந்தச் சிறு அறையில் ஒன்றாக எழும்பும்போது கிடைக்கும் அனுபவத்தை எந்தப் பெரிய அரங்கமும் தர முடியாது என்பதால், பயண நாள்களை மாற்றிக்கொள்ள முடிந்தால் ஒரு திங்கட்கிழமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே உணவு கிடையாது. சாப்பிட்டுவிட்டே செல்ல வேண்டும்.

அங்கிருந்து சில நிமிட நடையில், வெஸ்ட் டென்த் தெருவில், 1994-இல் தொடங்கிய ஸ்மால்ஸ் கிளப் இருக்கிறது. வேன்கார்டின் முதல் செட் முடிந்து வெளியே வருபவர் அதே இரவில் இங்கேயும் ஒரு செட் கேட்க முடியும். நள்ளிரவு நெருங்கும்போது தொடங்கும், முன்னேற்பாடின்றிக் கூடி வாசிக்கும் ‘ஜாம்’ அமர்வில் இளம் கலைஞர்கள் தத்தம் கருவியோடு வந்து வரிசையாக மேடையேறுவார்கள். இந்த நகரத்தின் ஜாஸ் மரபு எப்படிக் கைமாறுகிறது என்பதை நேரில் காண இதைவிட நல்ல இடம் இல்லை. அதே தெருவிலுள்ள மெஸ்ரோ கிளப், பியானோவை விரும்புவோருக்கு ஏற்றது. 1981 முதல் இயங்கும் ப்ளூ நோட் கிளப்பில் புகழ்பெற்ற கலைஞர்களைக் கேட்கலாம், ஆனால் மேசைகள் மிக நெருக்கமாக இருக்கும். முன்கூட்டியே சென்று வரிசையில் நிற்க வேண்டும். முதியவர்களோடும் குடும்பத்தோடும் செல்வோருக்குக் கொலம்பஸ் சர்க்கிளில் உள்ள டிஸ்ஸீஸ் கிளப் வசதியானது. மின்தூக்கி உண்டு, உணவு உண்டு, மேடைக்குப் பின்னால் கண்ணாடி வழியே சென்ட்ரல் பார்க்கும் தெரியும்.

டிக்கெட் விலையோடு செலவு முடிந்துவிடாது. பல கிளப்களில் ஒருவர் குறைந்தது ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். மது அருந்தாதவர் சோடாவோ பழச்சாறோ வாங்கினாலும் அந்தக் கணக்கில் சேரும். பில் தொகையில் ஏறத்தாழ 20 விழுக்காடு டிப்ஸ் வைப்பது அங்கே எழுதப்படாத கட்டாயம் என்றாலும், சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கலாம். மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எத்தனை நரைத்த தலைக்கும் வாசலில் அடையாள அட்டை கேட்கலாம் என்பதால், வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு ஜாஸ் அரங்கின் நடைமுறை அவ்வளவு அந்நியமாக இராது. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது கற்பனையை விரித்து வாசிப்பார்கள். ஒருவரின் தனி வாசிப்பு முடிந்ததும், பாடல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே கைதட்டுவதுதான் அங்கே மரியாதை. ஆனால் கையால் தாளம் போட வேண்டாம். வாசிக்கும்போது பேசவும் வேண்டாம். வேன்கார்டில் நிகழ்ச்சியின்போது படமெடுப்பதற்கும் பதிவு செய்வதற்கும் அனுமதி இல்லை.

ஆட விரும்புவோர் செல்ல வேண்டிய இடம் வேறு. 1926-இல் இயற்றப்பட்ட கேபரே சட்டத்தின்படி, தனி உரிமம் இல்லாத உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் ஆட அனுமதிப்பது 2017 வரை நியூயார்க்கில் குற்றமாகவே இருந்தது. கிளப்களில் வேலை செய்யக் கலைஞர்களும் காவல்துறையின் அனுமதி அட்டை பெற வேண்டியிருந்த காலத்தில், பாடகி பில்லி ஹாலிடேவும் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கும் அதை இழந்து பல ஆண்டுகள் இந்நகரத்துக் கிளப்களில் வாசிக்கவோ பாடவோ முடியாமல் தவித்தார்கள். அந்த அட்டை முறை 1967-இல்தான் ஒழிந்தது. இன்று நடனக் கிளப்கள் பெரும்பாலும் புரூக்ளினின் புஷ்விக் பகுதியிலும் அதை ஒட்டியும் இருக்கின்றன; ஹவுஸ் ஆஃப் யெஸ், எல்ஸ்வேர் ஆகிய இரண்டுக்கும் ‘எல்’ (L) என்ற சுரங்க ரயிலில் சென்று ஜெஃபர்சன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கலாம். நள்ளிரவுக்கு முன் அங்கே பெரிதாக ஒன்றும் தொடங்காது.

மதுக்கூடங்கள் அதிகாலை 4 மணி வரை திறந்திருக்கலாம், சுரங்க ரயிலும் இரவு முழுவதும் ஓடும். ஆனால் வார இறுதி இரவுகளில் பராமரிப்புப் பணிக்காகத் தடங்கள் மாற்றப்படுவது வழக்கம் என்பதால், திரும்பும் வழியை மாலையிலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.