சீசிங் காரை ஏலத்தில் எடுப்பது எப்படி? ஏமாறாமல் வாங்க ஒரு வழிமுறை

தவணை நின்றுபோனதால் கடன் கொடுத்தவர் பிடித்துவந்து விற்கும் கார்தான் சீசிங் கார். அதன் பழைய கதை விற்பவருக்குத் தெரியாது; பாக்கி வசூலானால் அவருக்குப் போதும். அதனால்தான் 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையோடு விற்கிறார். வாரண்டி இல்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. விலை குறைவதற்குக் காரணமே இதுதான்.

படி 1: விளம்பரத்தைச் சலியுங்கள்

'பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கார்' என்று வந்தால் அப்படியே தள்ளிவிடுங்கள். ஏலத்தில் வியாபாரிகளும் கேட்கிறார்கள். ஓடுகிற நிலையில் உள்ள கார் அந்த விலைக்கு அவர்களைத் தாண்டி உங்களிடம் வராது. ஏலப் பட்டியலைக் காசுக்கு விற்பவர்களும் வேண்டாம். ஏலம் நடத்துபவர்களே அதை இலவசமாக வெளியிடுகிறார்கள்.

காரைக் காட்டாமல் முன்பணம் கேட்டாலோ, தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். கடன் நிறுவனத்தின் பெயரில் போலி இணையதளங்களும் உண்டு. விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ எண்ணை நீங்களே தேடி அழைத்து, வண்டியின் பதிவு எண்ணைச் சொல்லி 'இது உங்கள் ஏலத்தில் இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

இன்னொரு பொறி: 'மீதித் தவணையை நீங்கள் கட்டி ஓட்டிக்கொள்ளுங்கள்.' கடன் வேறொருவர் பெயரில் இருக்கும்வரை நீங்கள் எத்தனை தவணை கட்டினாலும் கார் உங்களுடையது ஆகாது.

படி 2: காகிதம்

சேஸிஸ் எண்ணை முன்கண்ணாடிக்கு அடியில், கதவுத் தூணில், பாடியில் பொறித்த இடத்தில், பதிவுச் சான்றில் ஒப்பிடுங்கள். 1980களுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் 17 இலக்கம் இருக்கும். ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் அதில் வராது. கடன் நீக்கக் கடிதம் யார் தருவார், எத்தனை நாளில் தருவார், பழைய அபராதமும் வரி பாக்கியும் யார் தலையில் விழும் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: யார்டில் (பிடித்த கார்களை நிறுத்தி வைக்கும் இடம்)

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்க யாரோ ஓட்டிவைத்திருக்கலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் நின்ற காரை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்சுற்றில் சேற்றுக்கோடு பெரும்பாலும் தங்கிவிடும். சீட் போல்ட்டின் துரு, ஸ்டெப்னி குழியின் ஈரம் ஆகியவையும் சாட்சி. டயரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் தேதிக்குறி வேறாக இருந்தால் அதை மாற்றியிருக்கலாம்; அந்தப் பக்கத்துப் பெயிண்டையும் கதவு இடைவெளிகளையும் நிதானமாகப் பாருங்கள்.

படி 4: ஸ்கேனர் (பலரும் சறுக்கும் இடம்)

காரில் செருகினால், காரின் கணினி பதிவுசெய்த பழுதுக் குறியீடுகளை (கோடு, code) படித்துக் காட்டும் கருவிதான் ஸ்கேனர். 'ஸ்கேன் போட்டேன், ஒரு கோடும் இல்லை' என்று நிம்மதியாகிவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. அந்தக் குறியீட்டை அழிக்க ஒரு பொத்தான் போதும். அழித்த சுவடு வேறு இடத்தில் இருக்கும்.

சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினைக் கிளப்ப வேண்டாம். என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும்; கிளப்பியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம். அடுத்து ஸ்கேனரில் 'ரெடினஸ் மானிட்டர்' பக்கம். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பகுதி), ஆக்ஸிஜன் சென்சார் போன்றவற்றைக் கார் தானே சோதித்து முடித்ததா என்று அது சொல்லும். பல மானிட்டர்கள் 'முடியவில்லை' என்றால் காரின் கணினி நினைவகம் பெரும்பாலும் சமீபத்தில்தான் அழிந்திருக்கும். 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' வெறும் 3 கிலோமீட்டர் என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அதற்காக ஏமாற்றுவேலை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். மாதக்கணக்கில் நின்ற காரின் பேட்டரி செத்து, புதியது போட்டாலும் பல கார்களில் இதே நிலைதான் வரும். இரண்டில் எதுவானாலும் பொருள் ஒன்றே: இந்த என்ஜினைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது. புதிய கார்களில் 'நிரந்தரக் கோடு' பக்கம் இருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது. பழுது தீர்ந்ததைக் கார் தானே உறுதிசெய்தால்தான் போகும்.

கருவி: திரையோடு வரும் சிறிய வயர் ஸ்கேனர் வாங்குங்கள். காரில் செருகி போனோடு இணைக்கும் மலிவான ப்ளூடூத் டாங்கிள்கள் பலவற்றில் இருப்பவை நகல் சில்லுகள். யார்டில் நேரம் குறைவாக இருக்கும்போது இணைப்பு அறுந்து நிற்கும்.

படி 5: உச்ச விலை

நல்ல நிலையில் இதே காரின் சந்தை விலையை 100 என்று வையுங்கள். ஏலக் கட்டணம் 8, பெயர் மாற்றமும் வரியும் 6, இழுவை வண்டி 2, டயர், பேட்டரி, பிரேக் 9, தெரியாத பழுதுக்கு 12 என்று கழித்தால் 63. இவை உதாரண எண்கள். உங்கள் காருக்கு விசாரித்துப் போடுங்கள். மானிட்டர்கள் முடியாத காருக்கு அந்த 12 போதாது, 20 ஆக்குங்கள். எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். ஏலம் 64-க்குப் போனால் எழுந்துவிடுங்கள்.

படி 6: எடுத்த பிறகு

ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள். தவணை கட்ட முடியாதவர் ஆயில் மாற்றவும் காசில்லாமல் இருந்திருப்பார். என்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லாதவரை மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்துவிடும். வயரிங்கில் எலி கடித்த இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நின்ற கார்களில் இது சகஜம்.

பின்னர் சேர்த்தது: ஒரே சாவியோடு வரும் கார்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளப்ப விடாத அமைப்பு) உள்ள காருக்கு இரண்டாவது சாவியைப் புரோகிராம் செய்ய ஆகும் செலவை உச்ச விலையிலிருந்து கழியுங்கள். சாவியே இல்லாத கார் என்றால், ஸ்டார்ட் செய்து பார்க்கவும் ஸ்கேன் போடவும் வழியில்லை. முதல் ஏலத்துக்கு வருபவர் அதைத் தொட வேண்டாம்.