சாளைத் துடுப்பை வெட்டும் முன் வள்ளக்காரரிடம் பேசுங்கள்

குளச்சல், முட்டம் பக்கம் மரபணு ஆய்வுக்கு மீன் மாதிரி எடுக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, கத்தரிக்கோலைப் பையிலேயே வையுங்கள் என்பதுதான். வெட்டுவது ஒரு காலையில் பழகிவிடும். மீன் எங்கே பிடிபட்டது என்று கேட்டு எழுதுவதுதான் பெரிய வேலை. அது தவறினால் ஆய்வகச் செலவு முழுக்க வீண்.

கேரளத்தில் 2012இல் சுமார் 4 லட்சம் டன் சாளை, அதாவது மத்தி மீன், கிடைத்தது. 2021இல் 4,000 டன்கூடத் தேறவில்லை. இந்த மீனுக்குக் கட்டுப்பாடு வகுக்க, கரை நெடுக இருப்பது ஒரே கூட்டமா, தனித்தனியாக முட்டையிடும் பல கூட்டங்களா என்று தெரிய வேண்டும்.

அன்றன்றே கரை திரும்பும் வள்ளத்து மீனையே எடுங்கள். பல நாள் தங்கும் படகில் நாலு இடத்து மீன் ஒரே ஐஸில் கிடக்கும். ஏலம் முடியட்டும், அப்புறம் போய், “அண்ணே, வலை எங்க விட்டீங்க, எத்தனை பாகம் ஆழம்?” என்று கேளுங்கள். ஏலத்துக்கு நடுவே கேட்டால் யாரும் இடத்தைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாளை முட்டையிடும் காலம். சினை முற்றிய மீனாக, ஓர் இடத்துக்கு 50 வரை சேருங்கள். இரை தேடி அலையும் காலத்தில் பல கூட்டங்கள் கலந்திருக்கலாம். ஒரே வலையில் 50ஐயும் அள்ளாமல் பல வள்ளங்களில், பல நாட்களில் எடுங்கள்.

சாளைச் செதில் எளிதில் உதிரும். கூடையில் ஒரு மீனின் செதில் இன்னொன்றின் மேல் அப்பியிருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துவிட்டு, வால் துடுப்பிலிருந்து விரல் நகமளவு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் நடுவே கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டுங்கள். துண்டைக் குழாயில் போட்டு, அதைப் போல பத்து மடங்கு எத்தனால் ஊற்றுங்கள், 95 சதவீதம். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். ஃபார்மலின் கூடவே கூடாது, மரபணு கெட்டுப்போகும். குழாய்க்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2023இல் சாளையின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டுவிட்டதால், அந்தத் தொகுதியின் எந்த இடங்களில் வேறுபாடு தேடுவது என்று தீர்மானிப்பது இப்போது சுலபம்.

முடிவு வந்ததும் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். “வேறுபாடு இல்லை” என்று வந்தால், “ஒரே கூட்டம், எங்கே பிடித்தாலும் ஒன்றுதான்” என்று எழுதிவிடுகிறார்கள். தலைமுறைக்கு ஒரு சில மீன்கள் இடம் மாறி முட்டையிட்டாலே மரபணு வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிடும். ஆனால் வெறுமையான ஒரு கடற்பகுதியை அந்த ஒரு சில மீன்களால் நிரப்ப முடியாது. ஆகவே வேறுபாடு தெரிந்தால் தனித்தனியாக நிர்வகியுங்கள். தெரியாவிட்டால் சினைப்பருவம், வளர்ச்சி, காதெலும்பு (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு எலும்பு) மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் வாய் திறக்காதீர்கள்.

எண்ணிக்கையையும் மரபணு சொல்லும். தெற்கு நீலத்துடுப்புச் சூரையில் 13,000க்கும் மேற்பட்ட மீன்களைச் சோதித்து, 45 பெற்றோர்–குஞ்சு ஜோடிகளைக் கண்டு, கடலில் மொத்தம் எத்தனை பெரிய மீன் என்று ஆஸ்திரேலியர்கள் கணக்கிட்டார்கள். சாளை கோடிக்கணக்கில் இருப்பதால் அதே வழி இங்கே சரிப்படாது. ஜோடி கிடைப்பதே அபூர்வம்.

ஒவ்வொரு மீனிலும் இரண்டு துண்டாக எடுத்து, ஒன்றை உறைநிலையில் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து மரபணுப் பன்முகத்தன்மை குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம்.