அம்மா, அப்பாவின் மனநல மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்குப் படிப்படியாக

சித்தாலேப போத்தலுக்குள் சித்தாலேப இருக்கவில்லை. தடிமன் என்று அம்மாவின் அலுமாரியில் தேடி எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளே மரக்கறி வெட்டும் கத்தியால் வெட்டிய அரைக் குளிசைகள். எண்ணிப் பார்த்தேன், 17. ஒரு குளிசையை இரண்டு நாளைக்கு ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டதற்கு, "நீ வாடகையும் கட்டி, பிள்ளைக்கு டியூஷன் காசும் கட்டுறாய் ராசா, எனக்கு இப்ப சுகம்தானே" என்றார். சுகம் எங்கே? மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குசினியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டு இருந்தது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அம்மாவுக்குப் பைபோலர் என்று சொல்லும் இருமுனைக் கோளாறு, மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் வருத்தம். என்னுடைய அலுவலகக் காப்புறுதியில் அவர் பெயரும் இருக்கிறது, ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், மனநோய்ச் சிகிச்சை நீங்கலாக என்று ஒரு வரி. அதனால் முழுக்காசும் கையிலிருந்துதான் போனது. அதற்குப் பிறகு ஒரு வருடமாக அலைந்து பழகியதை முதல் தடவை இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. வரிசையும் பில்லும் மட்டும்தான் எனக்குத் தெரியும், மருந்தை மாற்றுவதும் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை.

படி 1: வீட்டிலிருக்கும் மருந்தை எண்ணுங்கள்

காசைப் பற்றி யோசிக்க முதல், குளிசைகள் ஒழுங்காக உள்ளே போகின்றனவா என்று பாருங்கள். போன முறை வாங்கிய திகதி, வாங்கிய எண்ணிக்கை, இப்போது மிச்சம் இருப்பது. கணக்கு இடித்தால் சண்டை பிடிக்காதீர்கள், பெரும்பாலும் உங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற நினைப்புத்தான் காரணம். "விலை கூடவோ?" என்று நீங்களே தொடங்கினால் அவர்கள் மிச்சத்தைச் சொல்லுவார்கள்.

வெட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அம்மாவின் குளிசை குவெட்டியாபீன், அதிலும் எக்ஸ்ஆர் வகை. நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்தது, அதை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. உடைத்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பெட்டியில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், சிஆர் என்று ஏதாவது இருந்தால் கத்தியைத் தொடவேண்டாம்.

திடீரென்று முழுவதுமாக நிறுத்துவது இதைவிட மோசம். மனநிலையைச் சமமாக வைத்திருக்கும் லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் பழையபடி, சிலருக்கு முன்பைவிட வேகமாக, திரும்பி வரும். குளோசபீன் என்ற இன்னொரு மனநல மருந்து என்றால் 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரமுடியாது, டொக்டர் மறுபடி சின்ன அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். "இந்த மாதம் கை கடிக்குது, அடுத்த மாதம் வாங்குவம்" என்பது இந்த மருந்துகளில் சரிவராது.

படி 2: காப்புறுதியை இன்னொருமுறை வாசியுங்கள்

மனநல மருந்துக்குக் காசு தரமாட்டார்கள், சரி. ஆனால் அதே ஆளுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்குமே? அவற்றுக்கு வெளிநோயாளர் தொகை என்று வருடத்துக்கு ஏதாவது ஒதுக்கியிருந்தால், பாமசியில் அந்த மருந்துகளுக்குத் தனி பில் போடச்சொல்லுங்கள். நான் ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கி, முழு பில்லும் திரும்பி வந்ததும் பேசாமல் விட்டிருக்கிறேன். மடத்தனம். தனித்தனியாகப் போட்டதும் சீனிக் குளிசைக் காசு வரத்தொடங்கியது, அது நேரே மற்ற மருந்துக்குப் போகிறது. அம்மாவோ அப்பாவோ அரச ஓய்வூதியர் என்றால் அரச ஊழியர், ஓய்வூதியர் காப்புறுதியான அக்ரஹாரவில் என்ன கிடைக்கும் என்றும் கேட்டு வையுங்கள்.

படி 3: டொக்டரிடம் காசைப் பற்றிக் கதையுங்கள்

எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். பின்னேரம் சனல் பண்ணி, இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து, உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் "எல்லாம் ஓகே டொக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பாமசியில் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்போம். விலையைச் சொன்னால் குறைவாக நினைப்பாரோ என்ற கூச்சம்.

டொக்டர்மாருக்குப் பல நேரம் விலை தெரியாது, அதுதான் உண்மை. ஆகவே கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். ஒரு குளிசை 210 ரூபாய் என்று வையுங்கள், நாளைக்கு 2 என்றால் மாதம் 12,600. அந்தத் துண்டை மேசையில் வைத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இந்தக் காசைத் தொடர்ந்து கட்ட எங்களால் ஏலாது. இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மருந்து இருக்கிறதா?" நான் கேட்டபோது அம்மாவின் டொக்டர் பில்லை ஒருதரம் பார்த்து, என்னை ஒருதரம் பார்த்து, "இதை ஏன் முதலே சொல்லேல்ல?" என்றார். அவ்வளவுதான். எக்ஸ்ஆரை விட்டு, நாளுக்கு இரண்டு தடவை போடும் சாதாரண குவெட்டியாபீனுக்கு மாற்றினார், செலவு பாதிக்கும் கீழே வந்தது.

அதே கதையோடு கேட்கவேண்டியவை இன்னும் சில. துண்டில் ஜெனரிக் பெயரை, அதாவது மருந்தின் சொந்தப் பெயரை, எழுதித்தரச் சொல்லுங்கள், கம்பனிப் பெயர் மட்டும் இருந்தால் பாமசியில் அதையே தேடி அலைவீர்கள். எந்தக் குளிசையைக் கம்பனி மாற்றி வாங்கலாம், எதை மாற்றக்கூடாது என்றும் கேளுங்கள். லித்தியத்தில் கம்பனி மாறினால் இரத்தத்தில் அதன் அளவும் மாறலாம், அதனால் சொல்லாமல் மாற்றாதீர்கள். பழைய துண்டில் ஏறிக்கொண்டே வந்த மருந்துகளில் இப்போது தேவையில்லாதது ஏதும் உண்டா என்பதும் நல்ல கேள்வி. அம்மாவுக்கு ஒரு விற்றமின் குளிசை நாலு வருடமாகச் சும்மா ஓடிக்கொண்டு இருந்தது.

படி 4: அரச கிளினிக்குக்கு மாறுங்கள்

மற்ற எல்லாப் படியையும் விட இதில்தான் காசு மிச்சம். அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து இலவசம், பார்ப்பதும் இலவசம், பெரும்பாலான இரத்தப் பரிசோதனைகளும் அங்கேயே. ஒலான்சபீன், ரிஸ்பெரிடோன் போன்றவை அரச கிளினிக்கில் வழக்கமாக எழுதும் மருந்துகள்தான். பின்னேரம் நீங்கள் காசு கட்டிச் சனல் பண்ணும் விசேட வைத்திய நிபுணர் பெரும்பாலும் காலையில் ஏதோ ஓர் அரச ஆஸ்பத்திரியில்தான் இருப்பார். அவரிடமே கேட்டு, அவருடைய கிளினிக்குக்கோ உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ ஒரு கடிதம் வாங்குங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில, கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கம் என்றால் பெரியாஸ்பத்திரி, அங்காலே ராகம. பிறகு அங்கொடை.

அங்கொடை என்றதும் அம்மா அழுதார். "அங்கொடைக்கோ கொண்டு போகப்போறாய்?" நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஆளுக்காள் நக்கலுக்குச் சொன்ன சொல்தானே அது. இப்போது அதன் பெயர் தேசிய மனநல நிறுவகம், வெளிநோயாளர் வந்து காட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகும் கிளினிக்கும் அங்கே உண்டு, ஆனால் அந்தப் பெயரின் பாரத்தை ஒரு நாளில் இறக்கிவைக்க முடியாது. நான் வற்புறுத்தவில்லை, வேறு ஆஸ்பத்திரியில் பதிந்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி என்றால் பொது ஆஸ்பத்திரியில் பதியுங்கள், வரிசையில் நிற்பவர் எந்த வருத்தத்துக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் நாளுக்குக் கொண்டு போகவேண்டியவை: கடிதம், அடையாள அட்டை, பழைய துண்டுகள் எல்லாம், கடைசி இரத்தப் பரிசோதனைத் தாள்கள், இப்போது எடுக்கும் குளிசைகளின் கார்ட்கள், ஒரு கொப்பி, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட். விடிய ஆறு, ஆறரைக்கே போய்விடுங்கள். நம்பர் எடுத்து, நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, டொக்டரைக் கண்டு, பிறகு மருந்து ஜன்னலில் இன்னொரு வரிசை. அரை நாள் போகும் என்று நினைத்துக்கொண்டே போனால் கோபம் வராது. சிங்களம் தடுமாறும் என்றால் நோயின் கதையை ஐந்தாறு வரியில் யாரையாவது கொண்டு சிங்களத்தில் எழுதுவித்து வைத்திருங்கள். எனக்கு எதிர்வீட்டு நங்கி எழுதித் தந்தார், அந்தத் தாளை இப்போதும் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

மருந்தைச் சின்னச் சின்னக் கடதாசிப் பைகளில் உதிரியாகப் போட்டுத் தருவார்கள், மேலே பெயரும் அளவும் பேனையால் எழுதியிருக்கும். ஜன்னலை விட்டு நகர முதல் ஒவ்வொரு பையையும் துண்டோடு சரிபாருங்கள். ஒருதரம் எங்களுக்கு ஒரு பை குறைந்தது, வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, மறுபடி அரை நாள் போனது.

படி 5: கிளினிக்கில் இல்லாததை வாங்குவது

சில மாதங்களில் "ஸ்டொக் இல்லை" என்று வெளியே எழுதித் தருவார்கள். 2022 இல் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது இது பெரிய கொடுமையாக இருந்தது. அப்படி எழுதினால் உடனே வாங்க ஓடாமல், திரும்பிப் போய் டொக்டரிடம் கேளுங்கள்: "இங்கே இருக்கிறதில் இதற்குப் பதிலாக ஏதும் கொடுக்கலாமா?" சில நேரம் ஆம், சில நேரம் இல்லை. நல்லாகத் தாங்கிப்பிடிக்கும் மருந்தை விலைக்காக மட்டும் மாற்றுவது நட்டத்தில் முடியலாம், அந்த முடிவை அவரே எடுக்கட்டும்.

வெளியே வாங்குவதென்றால் முதலில் ஒசுசல. 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள், கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் ஜெனரிக் மருந்தை மலிவாகக் கொண்டுவருவதுதான் அன்றைய யோசனையே. டவுன் ஹோல் பக்கத்தில் இருப்பது பெரியது. அங்கே இல்லாவிட்டால் மூன்று பாமசிக்குத் தொலைபேசியில் விலை கேளுங்கள், கம்பனியைப் பொறுத்து ஒரே மருந்துக்கு நம்பமுடியாத வித்தியாசம் இருக்கும். 60 வயது தாண்டியவர் என்றால் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுத்து வையுங்கள், காட்டிக் கழிவு உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை. பாதிக் கார்ட் வெட்டித் தந்தால் காலாவதித் திகதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சென்னைக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மலிவுதான், நானும் செய்தேன். கொண்டுவர இருந்தவர் பயணத்தை இரண்டு கிழமை தள்ளிப்போட்டார், இங்கே அம்மாவிடம் நாலு குளிசை மிச்சம். அன்றைக்கு நான் பட்ட பாடு போதும். வருவது வரட்டும், அதை நம்பி இருக்கவேண்டாம்.

படி 6: சகோதரங்களிடம் பங்கு கேட்பது

கனடாவில் அண்ணா, லண்டனில் அக்கா என்றால் "அம்மாவுக்குக் காசு அனுப்பு" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அது தீபாவளிக்கு ஒருமுறை வரும். மாதப் பில்லைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டு, "இதில் உன் பங்கு இவ்வளவு, 5ஆம் திகதிக்கு முதல்" என்று எழுதுங்கள். என் அண்ணா முதல் மாதம் கோபப்பட்டார், இரண்டாம் மாதத்திலிருந்து திகதி தவறியதில்லை.

படி 7: திகதிகள்

கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் மருந்து தருவார்கள். அந்த நாள் போயாவில் விழுந்தால் கிளினிக் இல்லை, ஏப்ரலில் வருடப்பிறப்பு வாரம் இன்னும் மோசம், பாமசிகளும் பாதி பூட்டு. கையில் எப்போதும் ஒரு வாரக் குளிசை கூடுதலாக இருக்கும்படி டொக்டரிடம் சொல்லித் திகதியை ஒழுங்கு செய்யுங்கள். நித்திரை குறைகிறது, கதை கூடுகிறது, சாப்பாட்டை விடுகிறார் என்று கண்டால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். நடுராத்திரி என்றால் 1926 க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் போயா நாட்களைச் சுற்றி இப்போது அம்மாவே சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிறார். நேற்று நான் சப்பாத்தைக் கழற்ற முதலே, "அடுத்த கிளினிக் வியாழன், நீ இப்பவே லீவு சொல்லு" என்றார்.