அறையில் கர்ஜித்த கிட்டார் ஒத்திகையில் முணுமுணுப்பது ஏன்?

கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டாருக்கு அஞ்சி, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பை மிக மெல்ல ஒலிக்கவிட்டு டோன், அதாவது ஒலியின் தன்மை, அமைத்தவர்களில் நானும் ஒருவன். தாழ்ந்த ஒலிக்கான பாஸ் குமிழ் முக்கால், உயர்ந்த ஒலிக்கான ட்ரெபிள் முக்கால், நடு ஒலிக்கான மிட் கிட்டத்தட்டப் பூஜ்யம். தனியாகக் கேட்டபோது அரங்கமே அதிர்வதுபோல் இருந்தது. அதே அமைப்போடு முதல் ஒத்திகைக்குப் போனேன். ட்ரம்ஸும் பாஸ் கிட்டாரும் தொடங்கியதும் என் கிட்டார் இருந்த இடமே தெரியவில்லை. ஒலியைக் கூட்டினேன், மேலும் கூட்டினேன். ட்ரம்மர் முகம் சுளித்ததுதான் மிச்சம், வாசித்த சுரம் ஒன்றும் யார் காதிலும் விழவில்லை.

எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான் என்பேன். காரணம் காதில் இருக்கிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணரும். பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அறையில் நம் கை தானாகவே பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகிறது. ஒலி கூடியதும் காது அவற்றை முழுமையாகக் கேட்கத் தொடங்கும். ஏற்றியது அப்போது உபரி.

அதுமட்டுமல்ல, அந்த இரண்டு ஓரங்களுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதி, 41. கீழே பாஸும் கிக் ட்ரம்மும், மேலே சிம்பலும் இடம்பிடித்துக்கொள்ள, கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான். அதையும் நாமே வெட்டி எறிந்துவிட்டால் வாசிக்க என்ன இருக்கிறது? காலால் அழுத்தி இயக்கும் பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் இத்தனை ஆண்டுகளாக விலைபோவதன் ரகசியமும் இதுவே: அது பாஸைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல்போல இருக்கும். குழுவோடு கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழும் இதே கதைதான். கூட்டக் கூட்ட மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் உள்ள வேறுபாடு நசுங்கிப்போகும். விரலின் பிழைகள் மறையும் என்பது உண்மை. தொடக்கத்தில் நாம் அதை விரும்புவதும் அதனால்தான். ஆனால் பிழையோடு விரலும் மறைந்துவிடுகிறது. போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து கால் பங்கு இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது பணம் போகும் வழி. டோன் பிடிக்கவில்லை என்றதும் புதிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) வாங்க ஓடுகிறோம். தந்தி மாற்றி எத்தனை மாதமாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக் காற்றிலும் கை வியர்வையிலும் தந்தி சீக்கிரமே துருப்பிடித்துச் சோர்ந்துவிடும். சில கிட்டார்களில் பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தியிருப்பார்கள். அப்போது காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில்) தடித்த தந்தி சுருதி சேராததுபோல் அலைபாயும். ட்யூனரையும் கிட்டாரையும் மாறிமாறிச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பிக்கப்பைச் சற்றே இறக்கினால் போதும்.

தந்தி தடிமனாக இருந்தால்தான் டோன் தடிக்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் மிக மெல்லியதான முதல் தந்தியையே 0.013 அங்குலத் தடிமனில் போட்டு வாசித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். சுருதியை அரைப்படி இறக்கித் தந்தியைத் தளர்த்தி வைத்திருந்தார் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஸீஸீ டாப் குழுவின் கிட்டார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ் பயன்படுத்துவது 0.007. அவருடைய டோன் மெலிந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 50 வாட்ஸ் ஆம்பை விட்டு 100 வாட்ஸ் வாங்கினால் ஒலி இரட்டிப்பாகாது. கூடுவது 3 டெசிபல்தான். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பாக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கவே இயக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

இனி மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் ஆசையாகக் கொடுத்த ஆம்பை, வந்த அன்றே பிளக் மாற்றிச் சுவரில் செருகினேன். அது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டில் வருவதோ 230. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஃப்யூஸோடு போயிற்று, பிழைத்தேன். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஸ்பீக்கருக்குப் போகும் வாட்ஸைப் பார்க்கக் கூடாது. ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் மின்நுகர்வைப் பார்க்க வேண்டும். வால்வு ஆம்புகளில் அது பல மடங்கு அதிகம்.

இதையெல்லாம்விட ஆபத்தான பழக்கம் ஒன்று நம்மிடையே இருக்கிறது: இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. இரைச்சல் சில சமயம் நிற்கவும் செய்யும், அதனால்தான் இது பரவுகிறது. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ஒரு கை தந்தியிலும் வாய் மைக்கிலுமாக நிற்பவன் இரண்டு கருவிகளுக்கு இடையே தன் உடலையே வயராக வைக்கிறான்.

பின்னை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் என்றால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ கணினியிலிருந்தோ டியூப் லைட்டிலிருந்தோ வருவது. கிட்டாரைத் தோளில் மாட்டியபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் அது ஏறக்குறைய அடங்கிவிடும். நான் இப்போதெல்லாம் என் அறையில் ஜன்னலைப் பார்த்தபடிதான் வாசிக்கிறேன்.